மைனர் எதில் எடுப்பது: அண்ணன் மகளுக்காகப் போட்ட கணக்கு

மே மாதம் முதல் ஞாயிறு, அண்ணன் குடும்பம் சன்னிவேலிலிருந்து ஃப்ரீமாண்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தது. தட்டுகளை எடுத்த கையோடு அண்ணன் மகள் மூன்று காகிதங்களை மேஜையில் பரப்பினாள். டி ஆன்சா என்ற கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு வருடப் படிப்பை முடிக்கப் போகிறவள்; மீதி இரண்டு வருடத்தைப் பட்டம் தருகிற பெரிய கல்லூரிக்கு மாறி, அதாவது டிரான்ஸ்ஃபர் ஆகி, படிக்க வேண்டும். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூசிஎல்ஏ, சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் மூன்றிலும் டிரான்ஸ்ஃபர் இடம் கிடைத்திருந்தது. மேஜர், அதாவது முதன்மைப் பாடம், உயிரியல்; அதற்கப்புறம் மருத்துவப் படிப்பு. அதுவரை யாருக்கும் மாற்றுக் கருத்தில்லை. "மைனர் எத்னிக் ஸ்டடீஸ் எடுக்கலாம்னு இருக்கேன் அத்தை" என்று அவள் சொன்னதும் மேஜையில் பேச்சு நின்றுபோனது. மைனர் என்றால் மேஜரோடு சேர்த்துப் படிக்கிற துணைப்பாடம். எத்னிக் ஸ்டடீஸ் என்றால் அமெரிக்காவில் வாழும் சிறுபான்மை இனச் சமூகங்களைப் பற்றிய படிப்பு.

அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "டாக்டராகணும்னு சொல்ற பொண்ணு. அந்த நேரத்துல டேட்டா சயின்ஸ் எடுத்தாலும் ஒரு பிரயோஜனம் இருக்கும். நீ சொல்லும்மா, பையனைப் படிக்க வச்சவ நீதானே" என்றார் என்னிடம். அவளோ, "அத்தை, நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க. சரியா வரலைன்னா விட்டுடறேன்" என்றாள். பெர்க்லியும் யூசிஎல்ஏவும் அடங்கிய யூசி, அதாவது கலிஃபோர்னியா பல்கலைக்கழகக் கல்லூரிகளுக்கு டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் ஜூன் 1க்குள் பதில் சொல்ல வேண்டும். கையில் நாலு வாரம் இருந்தது.

அந்த நாலு வாரத்தில் நான் படித்ததையும் எழுதிப் பார்த்ததையும்தான் இங்கே சொல்கிறேன். கலிஃபோர்னியாவில் நம் வீடுகள் பலவற்றில் இந்தப் பேச்சு எழுகிறது. பெரும்பாலும் "அதுல என்ன வேலை கிடைக்கும்" என்ற ஒரே கேள்வியில் முடிந்துவிடுகிறது. அதைவிடப் பொறுமையாகப் பார்க்க வேண்டிய விஷயம் இது.

அவள் முன்னால் இருந்த வழிகள் நாலு. கட்டாயமான ஒரு பாடத்தோடு நிறுத்திக்கொள்வது. ஆசிய அமெரிக்க ஆய்வுகளில் மட்டும் மைனர். எல்லாச் சமூகங்களையும் ஒப்பிட்டுப் படிக்கிற எத்னிக் ஸ்டடீஸ் மைனர். அல்லது தெற்காசியவியல், அதோடு தமிழ். இரட்டை மேஜர் என்று ஐந்தாவது வழியும் உண்டு; உயிரியலின் ஆய்வக வகுப்புகளோடு அது இரண்டு வருடத்தில் அடங்காது என்பதால் முதல் நாளே தள்ளிவைத்தோம்.

முதல் வழி அவளுக்கு ஏற்கெனவே முடிந்திருந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் போன்ற கலிஃபோர்னியா ஸ்டேட் கல்லூரிகளில் பட்டம் வாங்க எத்னிக் ஸ்டடீஸில் மூன்று யூனிட் பாடம் ஒன்று கட்டாயம் (பாடத்தின் அளவை யூனிட்டில்தான் கணக்கிடுவார்கள்). ஏபி 1460 என்ற சட்டம் 2020 ஆகஸ்டில் கையெழுத்தானது. சான் டியேகோ ஸ்டேட்டில் ஆப்பிரிக்க அமெரிக்க ஆய்வுகளில் நீண்ட காலம் பேராசிரியராக இருந்து சட்டமன்றத்துக்குப் போன ஷெர்லி வெபர் கொண்டுவந்தது. பூர்வகுடிகள், கறுப்பினத்தவர், ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்க வழியினர் என்ற நாலு சமூகங்களை மையமாக வைத்த பாடமாக அது இருக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆகிறவர்கள் கம்யூனிட்டி கல்லூரியிலேயே அதைப் படித்துவிடலாம். குவார்ட்டர் என்ற குறுகிய பருவங்களாக வகுப்பு நடக்கிற டி ஆன்சாவில் உள்ளூர் மாணவருக்கு ஒரு குவார்ட்டர் யூனிட்டுக்கு 31 டாலர்தான். செமஸ்டர் முறையில் நடக்கிற மற்ற கம்யூனிட்டி கல்லூரிகளில் யூனிட்டுக்கு 46 டாலர். செலவு என்று பார்த்தால் இதைவிட மலிவாக இந்தத் துறையைத் தொட்டுப் பார்க்க வழியே இல்லை. பிள்ளைக்கு ஆர்வம் இருக்கிறதா என்று தெரியாத வீடுகளுக்கு என் யோசனை இதுதான்: முதலில் அந்த ஒரு பாடத்தைப் படிக்கட்டும், மைனரைப் பற்றி அப்புறம் பேசலாம்.

அவளுக்கு ஆசை பிறந்ததே அந்த ஒரு பாடத்தில்தான். அந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டினாள். 1923 என்று எழுதி இரண்டு முறை வட்டமிட்டிருந்தாள். பகத் சிங் திந்த் வழக்கு. முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையில் இருந்தவர், சீக்கியர். இந்தியர்களும் ஆரிய இனம் என்பதால் தான் 'வெள்ளையர்' பட்டியலில் வருவேன், குடியுரிமை வேண்டும் என்று வாதாடினார். சாதாரண மனிதர் புரிந்துகொள்கிற அர்த்தத்தில் நீ வெள்ளையன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கு முன் குடியுரிமை வாங்கியிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது. அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், "அப்பாவுக்குத் தெரியுமா?" என்று எழுதியிருந்தாள்.

அண்ணனுக்குத் தெரியாது. இந்த நாட்டில் இருபத்தைந்து வருடத்துக்கு மேல் இருக்கிற எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

நிபந்தனைகளுக்கு வருகிறேன். இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். என் மகனும் சறுக்கினான். அவன் படித்த கல்லூரியின் பெயர் இங்கே தேவையில்லை. பண்பாட்டுப் பன்மைக்கென்று அங்கே கட்டாயமாக இருந்த ஒரு பாடத்தை அவன் பாஸ் அல்லது நோ பாஸ் முறையில் எடுத்தான். கட்டாயப் பாடத்துக்கு அது போதும் என்று விதியும் இருந்தது. அப்புறம் மைனருக்கு மனு போட்டபோதுதான் தெரிந்தது, மைனர் கணக்கில் சேர வேண்டுமானால் அதே பாடத்தை ஏ, பி, சி என்று தரம் போடுகிற லெட்டர் கிரேடு வாங்கிப் படித்திருக்க வேண்டும் என்று. நல்ல மதிப்பெண் எடுத்திருந்தான். ஆனால் டிரான்ஸ்கிரிப்ட் என்கிற மதிப்பெண் பட்டியலில் இருந்தது 'பாஸ்' என்பதைக் குறிக்கும் ஓரெழுத்து மட்டும். கோடை விடுமுறையில் பணம் கட்டி இன்னொரு பாடம் படித்துத்தான் மைனரை முடித்தான். இரண்டு விதிகளும் இணையதளத்தில் வேறு வேறு பக்கத்தில் இருந்தன. இரண்டையும் சேர்த்துப் படிக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அதனால் இந்த முறை ஒரு பெரிய தாளில் மூன்று கல்லூரிகளின் விதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன்.

பெர்க்லியில், லெட்டர்ஸ் அண்ட் சயின்ஸ் கல்லூரியின் மைனருக்குக் குறைந்தது ஐந்து மேல்நிலைப் பாடங்கள். அங்கே 'அப்பர் டிவிஷன்' என்பார்கள். மூன்றாம், நாலாம் ஆண்டுத் தரம். அதில் மூன்றையாவது பெர்க்லியிலேயே படிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் லெட்டர் கிரேடு. சராசரி 2.0க்குக் குறையக் கூடாது. மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்துக் கணக்குக் காட்டுவதற்கு ஒரே ஒரு மேல்நிலைப் பாடத்துக்குத்தான் அனுமதி. பட்டம் வாங்கப் போகிற பருவத்தின் முதல் வகுப்பு நாளுக்கு முன்பே மைனரை அறிவித்திருக்க வேண்டும்.

யூசிஎல்ஏவில் குறைந்தது ஏழு பாடங்கள், 28 யூனிட். அதில் ஐந்து மேல்நிலை. மேஜருக்குக் கணக்குக் காட்டியது போக, மைனருக்கென்று மட்டும் 20 யூனிட்டாவது தனியாக இருக்க வேண்டும்.

"அஞ்சு எங்க, ஏழு எங்க! பெர்க்லிதான் சுலபம்" என்றார் அண்ணன். பார்த்தவுடன் அப்படித்தான் தோன்றும். ஆனால் யூசிஎல்ஏ குவார்ட்டர் முறையில் நடக்கிறது; ஒரு பாடம் பத்து வாரத்தில் முடிந்துவிடும். மூன்று குவார்ட்டர் யூனிட் சேர்ந்தால் இரண்டு செமஸ்டர் யூனிட். 28 குவார்ட்டர் யூனிட்டை மாற்றினால் 18.67 செமஸ்டர் யூனிட். பெர்க்லியில் நாலு யூனிட் பாடங்கள் ஐந்து படித்தால் 20. ஆக, சுமை ஏறக்குறைய ஒன்றுதான். இன்னொன்று, யூசிஎல்ஏவின் ஏழில் இரண்டு கீழ்நிலைப் பாடங்களாக இருக்கலாம். டி ஆன்சாவில் படித்தது அவற்றுக்கு ஈடு என்று கல்லூரி ஏற்றுக்கொண்டால் அந்த இரண்டில் ஒன்று முன்பே முடிந்ததாகிவிடும். பெர்க்லியின் ஐந்தும் மேல்நிலை என்பதால் கம்யூனிட்டி கல்லூரிப் பாடம் எதுவும் அங்கே செல்லாது. கம்யூனிட்டி கல்லூரியில் இந்தத் துறையில் மேல்நிலைப் பாடம் நடத்துவதில்லை.

இந்த ஒரு விஷயம் மட்டும் நாங்கள் டி ஆன்சாவில் சேர்க்கும்போதே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அங்கயே ரெண்டு மூணு எத்னிக் ஸ்டடீஸ் பாடம் முடிச்சுட்டா மைனர் பாதி முடிஞ்ச மாதிரி" என்று யாராவது சொன்னால், எந்தக் கல்லூரிக்குப் போகப் போகிறோம் என்று கேட்டுவிட்டு அப்புறம் நம்புங்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டின் கணக்கு வேறு மாதிரி. அங்கே எத்னிக் ஸ்டடீஸ் ஒரு துறையாக இல்லாமல் ஒரு தனிக் கல்லூரியாகவே இருக்கிறது. கறுப்பினத்தவர், அமெரிக்கப் பூர்வகுடிகள், ஆசிய அமெரிக்கர், லத்தீன் அமெரிக்க வழியினர், இனமும் எதிர்ப்பும் என்று அதற்குள்ளேயே பல துறைகள். கலிஃபோர்னியா ஸ்டேட் கல்லூரிகள் எல்லாவற்றிலும் மேல்நிலைப் பொதுப்பாடம் ஒன்பது யூனிட் படிக்க வேண்டும். அதுபோக சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் சமூக நீதி, அமெரிக்கச் சிறுபான்மை இனங்கள் போன்ற தலைப்புகளில் தனி நிபந்தனைகளும் இருக்கின்றன. பாடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்தால் ஒன்றே பொதுப்பாடத்துக்கும் அந்த நிபந்தனைக்கும் மைனருக்கும் சேர்த்துக் கணக்காகும். கணக்கை மட்டும் வைத்துச் சொன்னால் மைனரை முடிக்க மூன்றிலும் எளிய இடம் அதுதான்.

அந்தக் கல்லூரி எப்படி வந்தது என்பதை அண்ணனுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எத்னிக் ஸ்டடீஸ் என்றால் அரசு யாரையோ திருப்திப்படுத்தச் சேர்த்த பாடம் என்று அவர் நினைத்திருந்தார். 1968 நவம்பர் 6 அன்று சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட்டில் மாணவர் வேலைநிறுத்தம் தொடங்கியது. கறுப்பின மாணவர் சங்கமும், மற்ற சிறுபான்மை மாணவர்கள் சேர்ந்து அமைத்த மூன்றாம் உலக விடுதலை முன்னணியும் நடத்தியது. ஏறக்குறைய ஐந்து மாதம். போலீஸ் தடியடி, நூற்றுக்கணக்கில் கைது. கல்லூரியின் தற்காலிகத் தலைவராக வந்த ஹயகாவா, மாணவர்கள் பேசிக்கொண்டிருந்த ஒலிபெருக்கி வண்டி மேல் ஏறித் தன் கையால் வயரைப் பிடுங்கினார். அவரே ஜப்பானிய வழியில் வந்தவர். 'ஆசிய அமெரிக்கர்' என்றால் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்த ஒரு காட்சி போதும். 1969 மார்ச்சில் உடன்பாடு வந்தது. அந்த ஆண்டே எத்னிக் ஸ்டடீஸ் கல்லூரி திறக்கப்பட்டது. பெர்க்லியிலும் அதே 1969 ஜனவரியில் வேலைநிறுத்தம் தொடங்கி, அதே ஆண்டில் துறை பிறந்தது. அதற்கு முன் வருடம் பெர்க்லி மாணவர்கள் கூடிப் பேசியபோதுதான் 'ஆசிய அமெரிக்கர்' என்ற பெயரே முதன்முதலில் புழக்கத்துக்கு வந்தது. நம் பிள்ளைகள் விண்ணப்பப் படிவத்தில் டிக் அடிக்கிற அந்தப் பெயருக்கு என் வயதுதான் இருக்கும்.

சரி, பெர்க்லி என்றே வைத்துக்கொண்டால் அவளுக்கு இடம் இருக்கிறதா? பட்டத்துக்கு 120 செமஸ்டர் யூனிட். கம்யூனிட்டி கல்லூரியிலிருந்து அதிகபட்சம் 70 எடுத்துவரலாம்; டி ஆன்சாக் கணக்கில் 105 குவார்ட்டர் யூனிட். மிச்சம் 50. அவள் மேஜரில் பாக்கியிருந்ததை எழுதிக் கூட்டினோம். முப்பது வந்தது. இருபது யூனிட் காலி. அந்த இருபதை எதையாவது படித்து நிரப்பினால்தான் பட்டமே கிடைக்கும். நாலு யூனிட் பாடம் ஐந்து என்றால் கச்சிதமாக இருபது.

இந்த இடத்தில் அண்ணன் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மைனர் எடுத்தால் கூடுதலாக ஒரு வருடம் ஆகும் என்ற பயம்தான் அவருக்கு அதுவரை. நேராக முதல் வருடத்தில் சேர்கிற பிள்ளைகளுக்கு இன்னும் வசதி. பெர்க்லியில் மைனர் பாடங்களை ஏழு பொதுப்பாடக் கட்டாயத்துக்கும் கணக்குக் காட்டலாம். டிரான்ஸ்ஃபர் பிள்ளைகள் பொதுப்பாடங்களை முடித்துவிட்டு வருவதால் அந்தச் சேமிப்பு அவர்களுக்கு இல்லை. அவர்களுக்கு மைனர் பொருந்துவது காலியிடத்தில்தான். அந்தக் காலியிடம் ஒவ்வொரு மேஜருக்கும் மாறும். பொறியியல் மேஜர் என்றால் இருபது யூனிட் காலியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள்.

இனி, எந்த மைனர்.

தெற்காசியவியல்தான் எனக்கு முதலில் பிடித்திருந்தது. இதை மறைப்பானேன்? பெர்க்லியில் தமிழ்ப் பீடம் இருக்கிறது. தமிழ் செம்மொழிதான் என்று உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ஜார்ஜ் ஹார்ட் அங்கேதான் பேராசிரியராக இருந்தார். "தமிழ் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டு, சங்கப் பாட்டு ரெண்டு படிச்சா எனக்கு அதைவிட என்னம்மா வேணும்" என்று அவளிடமே சொன்னேன். அவள் சொன்ன பதில் என்னை யோசிக்க வைத்தது. "படிக்கணும் அத்தை. ஆனா அது தாத்தா எங்கேர்ந்து வந்தார்ங்கிற கேள்வி. எனக்கு இப்ப இருக்கிறது, நான் இங்க எப்படி இருக்கேன்ங்கிற கேள்வி."

இந்த வேறுபாட்டைப் பெற்றோர் பலரும் கவனிப்பதில்லை. இரண்டிலும் 'ஆசியா' என்ற சொல் வருவதால் ஒன்றென்று நினைக்கிறோம். தெற்காசியவியல், இந்தியா, இலங்கை, பாகிஸ்தான் போன்ற நாடுகளின் மொழி, வரலாறு, சமயம், இலக்கியம் ஆகியவற்றைப் படிக்கிறது. எத்னிக் ஸ்டடீஸ் அமெரிக்காவுக்குள் நின்றுகொண்டு கேள்வி கேட்கிறது: இந்த மண் யாருடையது, யாரைக் கட்டிப்போட்டு வேலை வாங்கினார்கள், யாரை உள்ளே விட்டார்கள், யாரைத் துரத்தினார்கள், ஏன். மொழி கற்க விரும்புகிற பிள்ளை எத்னிக் ஸ்டடீஸில் சேர்ந்தால் ஏமாந்துபோகும். குடியேற்றச் சட்டத்தையும் இன ஒதுக்கலையும் புரிந்துகொள்ள நினைக்கிற பிள்ளைக்குத் தெற்காசியவியலில் தேடுவது கிடைக்காது. இரண்டும் தனித்தனித் துறைகள். ஒன்றில் படித்த பாடம் மற்றொன்றில் தானாகச் செல்லும் என்று எண்ணக் கூடாது, துறை அட்வைசரிடம் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மிச்சம் இரண்டு. ஆசிய அமெரிக்க ஆய்வுகளா, எல்லாரையும் ஒப்பிடும் எத்னிக் ஸ்டடீஸா? யூசிஎல்ஏவில் இந்தத் துறைகள் தனித்தனியாக வளர்ந்தவை. ஆசிய அமெரிக்கர், கறுப்பினத்தவர், சிகானோ எனப்படும் மெக்சிகோ வழியினர், பூர்வகுடிகள் என நாலு ஆய்வு மையங்கள் 1969இலேயே அங்கே தொடங்கின. மைனரும் அப்படித்தான், ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெர்க்லியில் கறுப்பின ஆய்வுகள் 1974இல் தனித் துறையாகப் பிரிந்தன. மற்ற மூன்றும் ஒப்பீட்டுப் பாடங்களோடு ஒரே துறைக்குள் இருக்கின்றன. ஒப்பீட்டு மைனர் வேண்டுமென்றால் பெர்க்லி, ஒரே சமூகத்தை ஆழமாகப் படிக்க வேண்டுமென்றால் யூசிஎல்ஏ என்று நான் எழுதிக்கொண்டேன்.

அண்ணன் ஆசிய அமெரிக்கப் பக்கம் சாய்ந்தார். "படிக்கிறதுதான் படிக்கிறே, நம்மளைப் பத்தியாவது படி" என்பது அவர் வாதம். நியாயமான வாதம்தான். திலீப் சிங் சௌந்த் கதையை அவள் அவருக்குச் சொல்லியிருந்தாள். 1920இல் பெர்க்லிக்குப் படிக்க வந்து, 1924இல் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேலை கிடைக்கவில்லை. குடியுரிமையும் இல்லை. தெற்குக் கலிஃபோர்னியாவில் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் பார்த்தார். சட்டம் மாறி 1949இல் குடியுரிமை பெற்று, 1956 தேர்தலில் ஜெயித்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனார். ஆசியாவிலிருந்து வந்தவர்களில் அவர்தான் முதல் ஆள். கணிதம் படித்துவிட்டு இங்கே வந்த அண்ணனுக்கு அந்தக் கதை மனதில் பதிந்துவிட்டது. இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டார், "பிஎச்டி முடிச்சுட்டா லெட்டூஸ் பயிர் போட்டார்?" என்று.

நான் ஒப்பீட்டுப் பக்கம் நின்றேன். என் காரணத்தைச் சொல்கிறேன்.

1946 சட்டப்படி இந்தியாவிலிருந்து அமெரிக்காவில் குடியேற ஓர் ஆண்டுக்கு அனுமதிக்கப்பட்டவர்கள் 100 பேர். மொத்த இந்தியாவுக்கும் நூறே பேர். 1965 அக்டோபர் 3 அன்று கையெழுத்தான குடியேற்றச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. ஒரு நாட்டுக்கு ஆண்டுக்கு 20,000 பேர் வரை என்று ஆனது. வேலைத் திறமையை வைத்து ஆள் எடுக்கும் ஏற்பாடும் அதோடு வந்தது. அண்ணன் இங்கே வந்தது, பின்னால் நான் வந்தது, ஃப்ரீமாண்டில் வீடு வாங்கியது எல்லாம் அந்த வழியில்தான். அந்தச் சட்டம் எந்த ஆண்டில் வந்தது என்று பாருங்கள். 1964இல் குடிமை உரிமைச் சட்டம். 1965 ஆகஸ்ட் 6இல் வாக்குரிமைச் சட்டம். அதற்கு இரண்டு மாதம் கழித்துக் குடியேற்றச் சட்டம். பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்று இந்த நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தவர்கள், தெருவில் அடிவாங்கிய கறுப்பின மக்கள். அந்த வெளிச்சத்தில்தான் நமக்குக் கதவு திறந்தது. ஆசிய அமெரிக்க வரலாற்றை மட்டும் படித்தாலும் இந்தச் செய்தி ஒரு பத்தியாக வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் போராட்டத்தை முழுசாகப் படிக்காமல் நம் கதையைப் புரிந்துகொண்டதாகச் சொல்ல முடியாது. இந்த நன்றி நம் வீடுகளில் இன்னும் பேசப்படவில்லை. அவள் பேசட்டும் என்று எனக்கு ஆசை.

வேறு ஓர் அச்சத்தையும் சில நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். இந்தத் துறைக்குப் போனால் சாதியைப் பற்றிப் பேச வைப்பார்கள், பிள்ளை நம்மையே குற்றம் சொல்லும் என்று. கலிஃபோர்னியா ஸ்டேட் கல்லூரிகள் 2022 ஜனவரியில் பாகுபாட்டுக்கு எதிரான விதியில் சாதியையும் சேர்த்தன. மாநிலம் முழுவதற்குமான மசோதாவை 2023இல் ஆளுநர் நியூசம் திருப்பி அனுப்பிவிட்டார். ஆமாம், வகுப்பில் இந்தப் பேச்சு வரும். வர வேண்டும் என்றே நினைக்கிறேன். இன ஒதுக்கலைப் பற்றி ஊருக்கெல்லாம் கேள்வி கேட்கிற பிள்ளை, தன் வீட்டுக் கல்யாணப் பேச்சைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கத்தான் செய்யும். நாம் பதில் சொல்லப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

மருத்துவப் படிப்புக்கு இதனால் என்ன பயன் என்பது அண்ணனின் கடைசிக் கேள்வி. மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட் 2015இல் மாற்றி அமைக்கப்பட்டது. இப்போது அதன் நாலு பகுதிகளில் ஒன்று பெரும்பாலும் உளவியலும் சமூகவியலும். சமூக ஏற்றத்தாழ்வு உடல்நலத்தை எப்படிப் பாதிக்கிறது என்பதும் அதில் அடக்கம். வேதியியலுக்கும் உயிரியலுக்கும் உள்ள அதே மதிப்பெண் எடை அதற்கும் உண்டு. எத்னிக் ஸ்டடீஸ் படித்தால் அந்தப் பகுதியில் தானாக மதிப்பெண் வந்துவிடும் என்று சொல்லவில்லை. உளவியலைத் தனியாகப் படிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த வினாக்கள் பேசுகிற உலகம் அவளுக்குப் புதிதாக இருக்காது.

இத்தனை எழுதிப் பார்த்தும் முடிவு ஆனது தாளில் இல்லை. மே மூன்றாம் வாரம் மூன்று பேரும் ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறி, டவுன்டவுன் பெர்க்லியில் இறங்கினோம். மேலே ஏறி ஷட்டக் தெருவில் கொஞ்ச தூரம் நடந்ததும் அவள் நின்று மேலே கைகாட்டினாள். தெருப் பெயர்ப் பலகையில் 'கலா பகாய் வே' என்று இருந்தது. கலா பகாய் 1915இல் கணவரோடும் மூன்று மகன்களோடும் சான் ஃபிரான்சிஸ்கோ வந்து இறங்கியவர். பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு குடிபுக வந்தபோது, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி வைத்துக்கொண்டு உள்ளே விடவில்லை. குழந்தைகளுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அந்த அம்மா வந்த வண்டியிலேயே திரும்பிவிட்டார். கணவர் வைஷ்ணோ தாஸ் பகாய் குடியுரிமை வாங்கியிருந்தார். திந்த் தீர்ப்புக்குப் பிறகு அதைப் பறித்தார்கள். கடையையும் சொத்தையும் இழந்து, 1928இல் உயிரை மாய்த்துக்கொண்டார். கலா பகாய் பிள்ளைகளை வளர்த்து, நெடுங்காலம் வாழ்ந்து, பின்னால் வந்த இந்தியக் குடும்பங்கள் பலவற்றுக்குத் துணையாக இருந்தவர். அவரை உள்ளே விடாத ஊர், 2020இல் தன் நடுத்தெருவுக்கு அவர் பெயரை வைத்தது.

அண்ணன் அந்தப் பலகைக்குக் கீழே வெகுநேரம் நின்றிருந்தார். பக்கத்தில் பேருந்து வந்து நின்று போனது. "மூணு பசங்களா?" என்று மட்டும் கேட்டார். அவள் தலையாட்டினாள். அப்புறம் கல்லூரி வாசல் வரை யாரும் பேசவில்லை.

பெர்க்லிக்குச் சம்மதம் சொன்னாள். எத்னிக் ஸ்டடீஸ், ஒப்பீட்டு மைனர். ஐந்து வரிசை போட்ட ஒரு தாளை என் வீட்டு ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். நாலு வரிசையில் பாடம் எழுதியாகிவிட்டது: குடியேற்றச் சட்டம், பூர்வகுடி வரலாறு, ஆசிய அமெரிக்க வரலாறு, இனமும் உடல்நலமும். எந்தப் பாடம் எந்தப் பருவத்தில் நடக்கும் என்பது வருடா வருடம் மாறும் என்பதால் ஒவ்வொன்றுக்குப் பக்கத்திலும் ஒரு மாற்றுப் பாடம். சேர்கிற வருடத்தின் கேட்டலாக் பக்கத்தைப் பதிவிறக்கித் தனியாக வைத்திருக்கிறாள். ஐந்தாவது வரிசை இன்னும் காலி. கறுப்பின ஆய்வுத் துறையின் பாடம் ஒன்றை அதில் ஏற்பார்களா என்று அட்வைசருக்கு மின்னஞ்சல் போட்டிருக்கிறாள்.

ஆகஸ்டில் வகுப்பு தொடங்கிய முதல் வாரம் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். சாப்பாடு, வீடு எல்லாம் விசாரித்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "அந்தக் குடியேற்றப் பாடம் எடுத்திருக்காளே, அதுல லெட்டர் கிரேடுதானே போட்டிருக்கா? கொஞ்சம் பாத்துட்டுச் சொல்லும்மா" என்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளிடம் கேட்டேன். லேப்டாப்பைத் திருப்பி அந்த வரியைக் காட்டினாள். லெட்டர் கிரேடுதான்.